ஒட்டக் கூடாத காது

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ படிக்கிறேன். அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. இயற்பியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில், அம்மாவின் போன் வெளிச்சத்தில், போர்வையைக் கூடாரம் போல வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ மகளாகப் பிறந்தால் இதில் பாதியை நான் சொல்லாமலே புரிந்துகொள்வாய். மகனாகப் பிறந்தால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மகன் என்றே வைத்துக்கொண்டேன். நீ வளர்ந்து, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பும்போது இதை உன் கையில் கொடுக்க நினைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ என்னைத் திட்டுவதற்கு இன்னும் இருபத்தைந்து வருஷமாவது ஆகும்.

விஷயம் இதுதான். விடிந்தால் என் அண்ணன் வீட்டைவிட்டுப் போகிறான். நான் செய்த ஒரு தப்பை அவன் செய்ததாக அப்பா நம்புகிறார். அவன் இல்லை என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டை, இன்று வியாழன். நாலு நாளாக வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஐந்து மணிக்கு ஆட்டோ வரும், கிளாம்பாக்கத்தில் ஓசூர் பஸ். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். பயமாகவும் இருக்கிறது, அதைவிட அதிகமாகக் களைப்பாக இருக்கிறது. பயந்துகொண்டே இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவைக்கிறேன்.

அப்பா திருமுடிவாக்கத்தில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார். அட்டை எங்கே வெட்டுப்பட வேண்டும், எங்கே மடிய வேண்டும் என்று அச்சுக்கட்டையில் பிளேடு பதிப்பது அவர் வேலை. நாள் முழுவதும் அட்டையோடு கிடக்கும் மனிதர் வீட்டுக்கு வந்தும் காகிதத்தைத்தான் தேடுவார். அவர் சேர்ப்பது பழைய பாப்-அப் புத்தகங்கள். அதிலும் நீதிக்கதைகள் மட்டும். பக்கத்தைத் திறந்தால் காகிதக் காடு ஒன்று எழுந்து நிற்கும். காக்கையின் அலகில் வடை இருக்கும், கீழே நரி அண்ணாந்திருக்கும். குரங்கு நாவல் மரத்தில் உட்கார்ந்திருக்கும், பக்கத்தை மூட மூட முதலையின் வாயும் மூடும். பழைய பேப்பர் கடை, வீடு காலி செய்பவர்களின் மூட்டை, பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட நூலக அலமாரி என்று எங்கெங்கோ தேடி எடுத்து வந்தவை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எந்திரி புக். நான் சின்னவளாக இருக்கும்போது அப்பா பக்கத்தைத் திறப்பார், நான் "எந்திரி" என்பேன், சிங்கம் எழுந்திருக்கும். நான் சொல்லித்தான் அது எழுந்திருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் ஒருநாள், "நீ சொல்லலன்னாலும் எந்திரிக்கும்டி, லூசு" என்று சொல்லி என்னை அழவைத்தான்.

எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் ஒரே ஒரு பீரோ. அது அந்தப் புத்தகங்களுக்கு. "காகிதச் சிங்கத்துக்குப் பீரோ, என் பட்டுப்புடவைக்கு டிரங்குப் பெட்டி" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வாசல் ஏறி வந்தபோது அப்பா முதலில் மாடி வீட்டுக்குத் தூக்கிப் போனது இந்தப் புத்தகங்களைத்தான். பிறகு டிவி. "மூணாவது டிரிப்லதான் என் கையப் புடிச்சாரு" என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சொல்வாள்.

அந்தப் புத்தகங்களைத் தொட அப்பாவுக்குச் சில விதிகள் உண்டு. கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மேசைமேல் வைத்துத்தான் திறக்க வேண்டும், மடியிலோ கட்டிலிலோ கூடாது. நீதி அச்சடித்த கடைசி வரியை அவர் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "அதை அப்புறம் படிக்கலாம், மொதல்ல சிங்கத்தப் பாரு" என்பார். கிழிந்த துண்டுக்குப் பதில் புதுத் துண்டு வெட்டி ஒட்டினால், அதன் பின்பக்கம் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். இது பழசு இல்லை, நான் ஒட்டியது என்று அடுத்து வைத்திருக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டுமாம். அந்த அடுத்தவர் யார் என்று கேட்டால் சிரிப்பார். நீயாகக்கூட இருக்கலாம்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர், சிங்கமும் எலியும்தான். திறந்தால் சிங்கத்தின்மேல் நிஜ நூலில் பின்னிய வலை விரியும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதப் பட்டையை மெல்ல இழுத்தால் எலியின் வாய் அசையும், வலை ஒரு பக்கம் தளரும், சிங்கம் தலையைத் தூக்கும். அது எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா அதை மறந்துவிட்டார். எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பத்து. ஸ்கூட்டரில் முன்னால் நான் நிற்க, பின்னால் அவன் உட்கார, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர், "இன்னா சார், பொம்ம புக்கா? அந்த மூட்டைல கீது பாரு, தேடிக்கோ, கலைக்காத" என்றார். அப்பா ஒரு மணி நேரம் தேடினார். ஒன்றும் இல்லை, வாங்கடா போகலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார். அண்ணன் மட்டும் வரவில்லை. மூட்டைக்கு அடியில் தோள்வரை கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர், "டேய், உள்ள பூந்துடாத, உன்னையும் சேத்து எட போட்டுருவேன்" என்றார். அண்ணன் வெளியே எடுத்தது அந்தச் சிங்கம். எனக்கு இது ஏன் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது என்றால், அன்று வீடுவரை அவனை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவிட்டு, என்னைப் பின்னால் உட்கார வைத்தார் அப்பா. எனக்குப் பொறாமை.

இப்போது என் தப்பு. போன வாரம் புதன்கிழமை, பள்ளிக்கூடம், அதன்பின் டியூஷன், அங்கே டெஸ்ட். வேதியியலில் எனக்கு வந்த மதிப்பெண்ணை இங்கே எழுதவில்லை, நீ நாளைக்கு என்னிடம் திருப்பிச் சொல்வாய். வீட்டில் யாரும் இல்லை. பீரோ சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சிங்கத்தை எடுத்தேன். மேசைக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு திறந்தேன். "எந்திரி" என்று சொன்னேன், சின்னப் பிள்ளை மாதிரி. எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. விழித்தபோது என் முழங்கை அதன்மேல் இருந்தது. எதுவும் கிழியவில்லை. ஆனால் சிங்கத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மடிப்பு, காகிதத்தில் வெட்டியிருந்த ஒரு கீறலிலிருந்து வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி மடிப்பைத்தான் பெட்டிக் கம்பெனிப் பழக்கத்தில் அப்பா காது என்பார்.

எனக்கு அது ஒட்டுவிட்டுப் போனதாகத் தோன்றியது. அண்ணன் குரோம்பேட்டையில் கல்யாண ஆல்பம் பைண்டிங் செய்யும் கடையில் இருக்கிறான். அவன் வீட்டில் வைத்திருக்கும் பையில் எப்போதும் மஞ்சள் ரப்பர் பசை டப்பா ஒன்று இருக்கும். அதைத் திறந்து, ஊக்கு முனையால் தொட்டு, அந்தக் காதை நன்றாக ஒட்டினேன். ஊதி ஊதிக் காயவைத்தேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அது ஒட்டுவிட்ட காது இல்லை, ஒட்டக் கூடாத காது. கீறலுக்குள் அது சும்மா வழுக்கிப் போய்வந்தால்தான் சிங்கம் தலை தூக்கும். கெட்டுப்போனதாக நினைத்து, அசைய வேண்டிய ஒரே இடத்தை நான் அசையாமல் செய்துவிட்டேன். மகனே, ஒரு பொருளைச் சரிசெய்யும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரிடமாவது கேள். கேட்க வெட்கமாக இருந்தால், தொடாமலாவது இரு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். சிங்கத்தைத் திறந்து பட்டையை இழுத்தார். தலை வரவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி இழுத்தார். சிங்கத்தின் கழுத்து கிழிந்தது. அவர் கையாலேயே கிழிந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

"யாரு இதத் தொட்டது?"

"நான் தொடல. எனக்கு அதுக்கெல்லாம் அனுமதி ஏது" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

அப்பா கிழிந்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "டேய், இங்க வா. மோந்து பாரு."

அண்ணன் முகர்ந்து பார்த்தான். "எங்க கடைப் பசை மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"நான் ஒட்டலப்பா."

"வீடியோ எடுத்துப் போடணும், குடுங்கன்னு கேட்டே. முடியாதுன்னேன். திருட்டுத்தனமா எடுத்து ஆட்டியிருக்கே, போயிடுச்சு, ஒட்டி வெச்சிட்டே. ஒட்டினது ஒட்டினே, பின்னாடி ஒரு புள்ளி வெச்சியா? நாணயம் வேணாம்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடிதான். அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் தலையைக் குனிந்து தரையில் இல்லாத எதையோ பொறுக்கினேன். அவன் எனக்காகக் காத்திருந்தான் என்பது என் பிடரிக்குத் தெரிந்தது. அதற்குள் அப்பாவின் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. "நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு? காலேஜத் தொட்டே, பாதியில நின்னுச்சு. நான் சேத்துவிட்ட கம்பெனியத் தொட்டே, மூணு மாசம்."

"அந்தப் புக்க மூட்டையிலேர்ந்து எடுத்ததே நான்தான். அதாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"என்னடா ஒளர்றே?"

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். கல்லூரியைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவனுக்குப் பழகிப்போன திட்டு. இந்த மறதி வேறு. மாலையில் யாருக்கோ போன் செய்து, "ஓசூர் வேல இன்னும் இருக்குதாடா? வர்றேன்" என்றான். நேற்று அவன் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் போய் நின்றேன். "என்னடி?" என்றான். "ஒண்ணும் இல்ல" என்றேன். "உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பு. வருவேனான்னு தெரியாது" என்றான். விளையாட்டுக்குச் சொல்லும் குரல் இல்லை.

அப்போதுதான் நீ என் நினைவுக்கு வந்தாய். உனக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் நாளில் உன்னை யார் மடியில் உட்கார வைப்பார்கள்? தாய்மாமன் மடி என்று ஒன்று வேண்டும் அல்லவா. எனக்கும் ஒரு மாமா இருக்கிறார், திருநெல்வேலியில். காதுகுத்துப் போட்டோவில் நான் அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கூடும்படி அழுதுகொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் அவர் இல்லை. ஏன் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். இன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது நான் கேட்காமலே சொன்னாள். "எங்கண்ணன் கோச்சிக்கிட்டுக் கிளம்பினப்ப நான் வாசலுக்கே போகல. தோச கருகிடும்னு அடுப்புகிட்டயே நின்னேன். போய் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பாரு. தோச கருகத்தான் செஞ்சிது." பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ போய்ப் படி" என்றாள். அம்மாவுக்கும் தெரியுமோ என்று தோன்றுகிறது. தெரியாமலும் இருக்கலாம். இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதை நான் கணக்குப் போட்டே களைத்துவிட்டேன்.

நாலு நாளாக ஒவ்வொரு வேளையும் அடுத்த வேளை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்பா சாப்பிட்ட பிறகு. அம்மா தூங்கிய பிறகு. தேர்வு முடிந்த பிறகு. அப்பா என்னை அடிக்க மாட்டார். அதற்கு நான் பயப்படவில்லை. அவர் இனிமேல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பசை நினைவுக்கு வந்து, அதன் பிறகுதான் நான் வருவேன். அதற்குத்தான் பயம். ஆனால் அண்ணனை அவர் அப்படித்தானே இப்போது பார்க்கிறார். என் இடத்தில் அவன் நின்றுகொண்டிருக்கிறான். இதை எழுதிப் பார்த்த பிறகு எனக்குப் படுத்திருக்க முடியவில்லை. போன் சார்ஜும் தீரப் போகிறது. எந்திரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னால் எழுந்திருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன் அல்லவா.

இப்போது மணி ஐந்தே முக்கால். மீதியை எழுதிவிடுகிறேன்.

அப்பா தூங்கியிருக்கவில்லை. கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், கட்டில், தூக்கம், முழங்கை, பசை. முடிந்ததும், "எந்தக் காத ஒட்டினே?" என்று கேட்டார்.

"கழுத்துக்குப் பின்னாடி இருக்கிறது."

"அது ஒட்டக் கூடாதுடி."

"இப்பத் தெரியும்பா."

அப்பா அண்ணன் அறைப் பக்கம் பார்த்தார். "அவனுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அவன் சொல்லல?"

"என்னப் பாத்தான். நான் குனிஞ்சிட்டேன்."

அப்பா என்னைத் திட்டவில்லை. அவர் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை. என் தப்பைக் கேட்டு அல்ல, அவன் தெரிந்தே சும்மா இருந்தான் என்பதைக் கேட்டு. எழுந்து பீரோவைத் திறந்தார். சிங்கத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனார். அண்ணன் எழுந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஆட்டோவ வேணாம்னு சொல்லு. நான் வண்டியில கொண்டு விடறேன்."

"சொல்லியாச்சு, வந்துகிட்டு இருக்கான்."

அப்பா மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. நீயாவது அதைச் சிறு வயதிலேயே சொல்லிப் பழகிக்கொள், வளர்ந்த பிறகு நாக்கு மடங்காது. புத்தகத்தை நீட்டி, "இத எடுத்துட்டுப் போ. இந்தப் பசையப் பிரிக்கத் தெரிஞ்சவன் நீதான்" என்றார். "பசைமேல தின்னரை நேரா ஊத்தாத. பஞ்சுல தொட்டு..."

"தெரியும்."

"கழுத்த ஒட்டினா பின்னாடி புள்ளி வை."

"தெரியும்பா." நாலு நாளுக்குப் பிறகு அந்த 'பா' வந்தது.

அண்ணன் புத்தகத்தை வாங்கித் துணிகளுக்கு நடுவில் வைத்தான். அப்பா போகாமல் நின்றார். "மூட்டையிலேர்ந்து நீதான் எடுத்தியாடா?"

"அடியில இருந்துச்சு. நீங்க வண்டிய எடுத்துட்டீங்க."

அப்பா தலையை ஆட்டினார். நினைவு வந்ததா, அவன் சொல்வதால் நம்பினாரா தெரியவில்லை. ஆட்டோ ஹாரன் அடித்தது. அண்ணன் போகத்தான் போனான். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, தவிரவும் ஞாயிற்றுக்கிழமை வார்த்தைகள் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் போய்விடாது. அம்மா இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "எப்போடா கொண்டு வருவே அதை?" என்றாள். "மொதல்ல பிரியட்டும்" என்றான் அவன். பொங்கலுக்கு என்று சொல்லியிருந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சொல்லவில்லை.

நான் கேட் அருகில் நின்றேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவன் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "பசை டப்பாவ எடுத்தா மூடி போட மாட்டியாடி? பாதி டப்பா காஞ்சி போச்சு." அவ்வளவுதான் சொன்னான். அதனால்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தெரிந்திருந்தது.

எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். கண் எரிகிறது. இந்த நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். நீ இதைப் படிக்கும்போது உன் காது மடலை ஒரு முறை தொட்டுப் பார். அங்கே ஒரு துளை இருந்தால், அது யார் மடியில் குத்தியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். உடனே அவனுக்கு ஒரு போன் போடு. சிங்கம் தலை தூக்குகிறதா என்று கேள்.